வெள்ளவத்தை வீட்டில் பதினான்கு மாதங்கள்: மூன்றடிக் கூடும் ஸீப்ரா ஃபிஞ்ச் குடும்பமும்

கொழும்பில் பறவை வளர்ப்போர் ‘மூன்றடிக் கூடு’ என்று கேட்டு வாங்கும் கம்பிக்கூட்டுக்குத் தனியான வணிகப் பெயர் எதுவும் இல்லை. சிறு பட்டறைகளில் கம்பிவலையை வெட்டி மடித்துச் செய்யப்பட்டு, பறவைக் கடைகளின் வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் இந்தக் கூட்டைச் சென்ற ஆண்டு தைப்பொங்கல் முடிந்த வாரத்தில் 11,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வெள்ளவத்தையில், கடற்கரையிலிருந்து ஐந்து நிமிட நடைத் தொலைவிலுள்ள எங்கள் தொடர்மாடி வீட்டில், ஒரு சோடி ஸீப்ரா ஃபிஞ்ச் குருவிகள் பதினான்கு மாதங்களாக இதில் வாழ்ந்து மூன்று முறை குஞ்சு பொரித்திருக்கின்றன. நவம்பரில் ஒரு சோடி பெங்காலீஸ் ஃபிஞ்ச் குருவிகளும் வந்து சேர்ந்தன. வாங்கிய முதல் வாரத்தில் ஒரு கூட்டைப் பற்றிச் சொல்லக்கூடியது மிகக் குறைவு. முட்டையும் குஞ்சும் வந்த பிறகுதான் அதன் நல்லதும் கெட்டதும் தெரிய வருகின்றன. ஆகையால் இவ்வளவு காலம் பொறுத்திருந்து இதை எழுதுகிறேன்.

கூட்டின் நீளம் 36 அங்குலம், ஆழம் 16 அங்குலம், உயரம் 18 அங்குலம். நடுவில், மேலிருந்து செருகி எடுக்கக்கூடிய கம்பித் தடுப்பு ஒன்று இருக்கிறது. அதைச் செருகினால் இரண்டு சோடிகளுக்கான இரண்டு அறைகள். எடுத்துவிட்டால் ஒரே நீண்ட அறை. கடைக்குப் போன அன்று, கூரை வளைந்து பூவேலை செய்த உயரக் கூடொன்றின் முன்னால்தான் முதலில் நின்றேன். “நானா, ஸீப்ராவுக்கு இது சரிவருமா?” என்று கேட்டேன். “உசரத்தப் பாக்க வாணாம் தம்பி, நீளத்தப் பாருங்க. இது கிளி மாதிரி கம்பியப் புடிச்சி ஏறுற சாதி இல்ல, குறுக்கப் பறக்குற குருவி” என்றார் கடைக்காரர். விலை கூடிய கூட்டை விற்றுவிடக்கூடிய இடத்தில் அவர் அப்படிச் சொன்னதை நான் மறக்கவில்லை. அவர் சொன்னது முழு உண்மை. பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் நீளமும் ஏறத்தாழ 12 கிராம் எடையும் உள்ள இந்தக் குருவி, ஒரு முனைக் குச்சியிலிருந்து மறுமுனைக் குச்சிக்கு நாள் முழுவதும் பறந்துகொண்டே இருக்கிறது. இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு குச்சியை மட்டும் வைத்து நடுவை வெறுமையாக விட்டபோதுதான் சிறகை முழுமையாக விரித்து அடிப்பதை நாங்கள் கண்டோம். வட்டக் கூடுகளிலும் உயரக் கூடுகளிலும் அதே குருவி துள்ளுகிறதே அன்றிப் பறப்பதில்லை.

கம்பிவலையின் கண் அரை அங்குலம். ஃபிஞ்ச் குருவிகளுக்கு அதற்கு மேல் போகக் கூடாது. முக்கால் அங்குலக் கண்ணுக்குள் தலையை விட்டுச் சிக்கிக்கொள்ளும், குஞ்சாக இருந்தால் வெளியேறியே விடும். ஆனால் இந்த வலை துத்தநாகம் பூசியது. புதிய வலையின் ஒட்டுகளில் வெள்ளி நிறத்தில் சிறு துளிகளும் பொடியும் நிற்கும். அவற்றைப் பறவை கொத்தித் தின்றால் துத்தநாக நஞ்சேறும் என்பதைக் கூட்டோடு யாரும் எழுதித் தருவதில்லை. வினாகிரியைத் தண்ணீரில் கலந்து, தூரிகையால் ஒவ்வொரு மூலையையும் தேய்த்து, நன்றாகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பின்னரே குருவிகளை விட்டேன். இந்த வேலை ஒரு முழு மாலையை எடுக்கும். வாங்குகிறவர்கள் இதைத் தவிர்க்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அடித்தட்டு தகரம். இழுத்தெடுத்துக் கழுவ வசதியானது, ஆனால் கடற்காற்றைத் தாங்கவில்லை. எட்டாவது மாதத்தில் விளிம்பில் துரு ஏறியது. பத்தாவது மாதத்தில் மூலையில் ஓட்டை விழுந்தது. இப்போது அதே அளவில் பிளாஸ்டிக் தட்டொன்றை வெட்டி வைத்திருக்கிறேன். தட்டின் விளிம்பு ஓர் அங்குலம்தான் என்பதால் உரித்த தினை உமி அறை முழுவதும் பறக்கிறது. கூட்டின் கீழ்ப்புறத்தைச் சுற்றி ஆறங்குல உயரத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் தாளைக் கட்டிய பிறகு பெருக்கும் வேலை பாதியாகக் குறைந்தது.

இனிக் கதவுகளைப் பற்றி. இந்தக் கூட்டின் மிகப் பெரிய குறை அதுதான். மேலே தூக்கித் திறக்கும் கதவு ஏழங்குல அகலம் இருக்கிறது. வளர்ந்த ஓர் ஆளின் கை நுழைய அதில் பாதி போதும். மீதி இடத்தால் குருவி வெளியே போய்விடும். பெப்ரவரி மாதக் கடைசி ஞாயிறு காலை, தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றக் கையை விட்டபோது, எங்கள் முதல் ஆண் குருவி என் மணிக்கட்டை உரசிக்கொண்டு வெளியேறியது. பல்கனிக் கதவு திறந்திருந்தது. எதிர் வீட்டுக் கூரையின் தண்ணீர்த் தாங்கி மீது அது ஒரு நிமிடம் அமர்ந்திருந்தது; பெண் குருவி உள்ளேயிருந்து கூப்பிட, அதுவும் பதிலுக்குக் கூப்பிட்டது. காகங்கள் இரண்டு வந்து சேர்ந்ததும் எழும்பிக் கடற்பக்கமாகப் போய்விட்டது. என் மகள் அன்று மாலை இருட்டும் வரை பல்கனியில் தினைக் கிண்ணத்துடன் நின்றாள். மறுநாள் ஒவ்வொரு கதவின் உட்புறத்திலும், நடுவில் கீறல் விட்ட தடித்த துணித் திரையொன்றைத் தைத்துக் கட்டினேன். அதற்குப் பிறகு ஒன்றும் வெளியேறவில்லை. பட்டறையில் கதவை மூன்றரை அங்குலமாகச் செய்து ஒரு கொளுவியையும் வைத்திருந்தால் அந்தக் குருவி இன்றும் எங்களிடம் இருந்திருக்கும்.

புதிய ஆண் குருவியை அதே கடையில் வாங்கினோம். சாம்பல் நிற ஸீப்ராவில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது எளிது: ஆணுக்குக் கன்னத்தில் செம்மஞ்சள் திட்டு, தொண்டையில் வரிக்கோடுகள், விலாவில் செம்பழுப்பின் மேல் வெண்புள்ளிகள். பெண்ணுக்கு இவை எதுவும் இல்லை. வெள்ளை நிறக் குருவிகளில் இந்த அடையாளங்கள் தெரியா. அலகின் நிறம் ஒன்றே துணை. ஆணின் அலகு இரத்தச் சிவப்பு, பெண்ணின் அலகு செம்மஞ்சள். வெள்ளைச் சோடி வாங்க விரும்புவோர் கடையின் மஞ்சள் விளக்கின் கீழ் பார்க்காமல் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்க வேண்டும். இந்தக் குருவிகளின் தாயகம் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலம். அந்த நாடு 1960ஆம் ஆண்டு தன் பறவைகளை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்துவிட்டது. ஆகவே நம் கடைகளில் இருப்பவை தலைமுறை தலைமுறையாகக் கூட்டிலேயே பிறந்து வளர்ந்தவை.

கூட்டோடு பிரம்பால் பின்னிய இரண்டு சிறு கூடைகளைக் கொடுக்கிறார்கள். அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் முடிவு. ஆழம் போதாது; ஐந்து முட்டை இட்டபோது ஒன்று விளிம்பில் நின்று, இரண்டாம் நாள் கீழே விழுந்து உடைந்தது. ஐந்தங்குலச் சதுரத்தில், முன்புறத்தின் மேற்பாதி மட்டும் திறந்திருக்கும் பலகைப் பெட்டியொன்றைத் தச்சரிடம் செய்வித்துக் கூட்டின் மேல்மூலையில் தொங்கவிட்டதும், இரண்டே நாட்களில் ஆண் குருவி தும்பு காவத் தொடங்கியது. தென்னந்தும்பு நம் ஊரில் எங்கும் கிடைப்பது. இதைவிடச் சிறந்த பொருள் வேறில்லை. ஆனால் மூன்றங்குலத்துக்கு மேல் நீளமாக விடக் கூடாது, காலில் சுற்றிக்கொள்ளும். இன்னொன்றையும் பட்டுத்தான் அறிந்தேன்: முதல் முட்டை கண்டவுடன் மிச்சத் தும்பை முழுவதும் வெளியே எடுத்துவிட வேண்டும். தும்பு கண்ணில் படும் வரை ஆண் குருவி கூடு கட்டுவதை நிறுத்தாது. இட்ட முட்டைகளுக்கு மேலேயே இன்னோர் அடுக்குக் கட்டி, அதன்மேல் பெண் மறுபடியும் முட்டையிடும். கீழ் அடுக்கிலிருந்த மூன்று முட்டைகளை நாங்கள் அப்படியே இழந்தோம்.

முதல் முறை முறையாக நடந்தது மே மாதக் கடைசியில். நாளுக்கு ஒன்றாக ஐந்து வெள்ளை முட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு கிராம் அளவு. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்தன. ஆறாம் நாள் இரவு கைத்தொலைபேசி வெளிச்சத்தை ஒரு முட்டையின் பின்னால் பிடித்தபோது, நடுவில் கருமையான ஒரு புள்ளியும் அதிலிருந்து பிரிந்து ஓடும் சிவப்பு நரம்புகளும் தெரிந்தன, புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. என் மகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். பதின்மூன்றாம் நாள் நான்கு குஞ்சுகள் பொரித்தன. இரோமமும் இல்லாமல் கண்ணும் திறவாமல் கிடந்த அவற்றைப் பெற்றோர் இரண்டும் இரைப்பையிலிருந்து ஊட்டின. ஒரு வாரத்தில் கண் திறந்தது. இருபதாம் நாள் மூன்று குஞ்சுகள் கருநிற அலகோடு பெட்டியை விட்டு வெளியே வந்தன. நான்காவது ஏழாம் நாளிலேயே இறந்துவிட்டது.

வெளியே வந்த அன்றுதான் கூட்டின் இன்னொரு குறையும் தெரிந்தது. தட்டுக்கு மேல், எச்சம் கீழே விழுவதற்காக, அதே அரை அங்குல வலையால் ஒரு தளம் போட்டிருக்கிறார்கள். பெரிய குருவிகளுக்கு அது நல்லது; சுத்தமாக இருக்கும். பறக்கப் பழகாத குஞ்சு கீழே விழுந்து, அதன் கால் முட்டி வரை வலைக்கண்ணுக்குள் போய்த் திருகிக்கொண்டது. தாய் அதன் மேல் நின்று கத்திக்கொண்டிருந்தது. விரலால் பாதத்தின் விரல்களை ஒன்றொன்றாக மடித்து, மேல்நோக்கி எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. குஞ்சு பொரித்ததும் அந்தத் தளத்தைக் கழற்றிவிட்டுத் தட்டின் மீது நேரடியாகத் தாள் விரித்து, தினமும் மாற்றுவதே சரி. தளம் இரண்டு கொளுவிகளில்தான் நிற்கிறது, கழற்றுவது எளிது.

தீனி விடயத்தில் கூட்டோடு வரும் பிளாஸ்டிக் கிண்ணங்கள் போதுமானவை. தினை, சாமை, குரக்கன், கொஞ்சம் கானரி விதை ஆகியவையே அன்றாட உணவு. ஆனால் கொழும்பின் ஈரப்பதத்தில் தானியம் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், இரண்டு கிழமைக்குத் தேவையானதை மட்டும் வெளியில் வைத்து, மிச்சத்தைக் காற்றுப் புகாத டின்னில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கிறோம். குஞ்சுள்ள காலத்தில் ஓட்டோடு நசித்த அவித்த முட்டையும் முருங்கை இலையும் கொடுக்க வேண்டும். முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூட்டில் விடக் கூடாது. சுண்ணாம்புச் சத்துக்குக் கடையில் காசு கொடுக்க வேண்டியதில்லை. மீன்காரரிடம் சொன்னால் கணவாய் ஓடு கிடைக்கும். உப்புப் போக ஊறவைத்துக் காயவைத்துக் கம்பியில் செருகினால் போதும். அது இல்லாத பெண் குருவிக்கு முட்டை உள்ளே சிக்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். தண்ணீர்க் கிண்ணத்தைப் பற்றி ஒரு சொல்: ஸீப்ரா ஃபிஞ்ச் புறாவைப் போல் அலகை அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கிறது. கிண்ணம் எப்போதும் முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும்.

எறும்பு பெரிய எதிரி. முதல் முறை இறந்த அந்தக் குஞ்சைச் சிற்றெறும்புகள்தான் கொன்றன என்று நான் நினைக்கிறேன். விடிகாலையில் பார்த்தபோது பெட்டிக்குள் அவை வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. கூட்டின் நான்கு கால்களும் நேராக, தட்டையான அடியோடு இருப்பது பெரிய வசதி. வீட்டில் சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்வதைப் போல, ஒவ்வொரு காலையும் தண்ணீர் விட்ட கிண்ணத்துக்குள் வைத்தோம். நுளம்பு முட்டையிடாமல் இருக்க அந்தத் தண்ணீரில் சிறிது சவர்க்காரம் கரைத்து, மூன்று நாளுக்கொரு முறை மாற்றுகிறோம்.

கூட்டை எங்கே வைப்பது என்பதும் இதன் அமைப்போடு சேர்ந்த விடயம். ஆறு பக்கமும் வெறும் வலை என்பதால் காற்றோட்டம் மிக நன்று. அதே காரணத்தால் மழையும் குறுக்குக் காற்றும் நேரே உள்ளே போகும். ஒக்டோபர், நவம்பர் மாத மழையில் பல்கனியில் வைத்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிராது. இப்போது கிழக்கு யன்னலோரம், பின்புறத்தையும் ஒரு பக்கத்தையும் பலகையால் அடைத்து வைத்திருக்கிறேன். குசினியிலிருந்து தூரமாக வைக்க வேண்டும். ஒட்டாத பூச்சுள்ள தாச்சி அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். நுளம்புத்திரியும் அந்த அறையில் கொளுத்துவதில்லை. டெங்கு நுளம்புக்குப் புகையடிக்க வரும் நாளில் கூட்டைத் தூக்கி உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவை அடைத்துவிடுகிறோம். இருவர் பிடித்தால் இதைத் தூக்கலாம்.

வெப்பத்தைப் பற்றி நான் தொடக்கத்தில் மிகவும் கவலைப்பட்டேன். பிறகு ஒரு வியப்பான செய்தியைப் படித்தேன். 2016ஆம் ஆண்டு மரியெட், புக்கானன் என்ற இரு ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வின்படி, வெப்பநிலை 26 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும்போது ஸீப்ரா ஃபிஞ்ச் பெற்றோர், பொரிக்கும் தறுவாயிலுள்ள முட்டைகளை நோக்கி ஒரு தனிக் குரல் எழுப்புகின்றன. அதைக் கேட்ட குஞ்சுகளின் வளர்ச்சி வெப்பத்துக்கு ஏற்றபடி மாறுகிறது. கொழும்பில் பெரும்பாலான பகல்களில் அந்த வெப்பநிலை தாண்டிவிடுகிறது. இதைப் படித்த பிறகு, அடைகாக்கும் பெட்டிக்குள்ளிருந்து நண்பகலில் வரும் மெல்லிய, வேகமான அந்த ஒலியைக் கேட்கும்போதெல்லாம் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்கிறேன்.

வெப்பத்தை விட எனக்குப் பொறுப்பைத் தந்தது நம் ஊரின் பகல். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரப் பகல். மழை பெய்தால் இனம் பெருக்கும் இயல்புள்ள குருவி. தட்டில் எப்போதும் தீனி. அது தானாக நிறுத்தாது. பெண் குருவி எலும்பும் தோலுமாகும் வரை முட்டையிடும். ஓகஸ்டில் இரண்டாவது முறை முடிந்ததும் பெட்டியைக் கழற்றிவிட்டு, ஆண்டு முடியும் வரை ஓய்வு கொடுத்தேன். பெட்டியைக் கொளுவியில் தொங்கவிட மேற்சட்டத்தில் இடம் விட்டிருப்பதற்காகப் பட்டறைக்காரரைப் பாராட்ட வேண்டும்.

அந்த நடுத் தடுப்புக்காகவே இந்தக் கூட்டை வாங்கலாம் என்பேன். குஞ்சுகள் முப்பத்தைந்து நாள் அளவில் தாமாக உண்ணத் தொடங்கியதும், அடுத்த முட்டைக்கு ஆயத்தமாகும் தந்தை அவற்றைத் துரத்திக் கொத்தும். தடுப்பைச் செருகிக் குஞ்சுகளை மறுபக்கம் விட்டோம். தடுப்பு பலகையாக இல்லாமல் கம்பியாக இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸீப்ரா ஃபிஞ்சில் ஆண் மட்டுமே பாடும்; அந்தப் பாட்டை மகன் பிறக்கும்போதே கொண்டு வருவதில்லை, முதல் மூன்று மாதங்களுக்குள் தந்தையிடம் கேட்டுக் கேட்டுக் கற்கிறது. கோழிக்கு அடுத்தபடியாக, 2010இல் மரபணுத்தொகுதி வாசிக்கப்பட்ட பறவை இதுவாக இருந்ததற்கு இந்தக் கற்றலும் ஒரு காரணம். ஜூலையில் எங்கள் இளம் ஆண் தடுப்புக் கம்பியோடு ஒட்டி அமர்ந்து, தந்தை பாடும்போதெல்லாம் அசையாமல் கேட்டது. பின்னர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தொண்டை மட்டும் அசைய, ஒழுங்கில்லாத முணுமுணுப்பாகத் தொடங்கியது. செப்டம்பரில் ஒரு நாள் காலை, தந்தை பாடுகிறது என்று எண்ணிக்கொண்டு தேநீரோடு வந்தேன். தந்தை அப்போது தீனிக் கிண்ணத்தில் இருந்தது. அதே இறங்கு சுரம், முடிவில் அதே இரட்டைத் தட்டு, பாடியது மகன்.

பெங்காலீஸ் ஃபிஞ்ச் சோடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் வயல்களில் திரியும் வெண்முதுகுச் சில்லையின் இனத்திலிருந்து கிழக்காசியாவில் பழக்கி எடுக்கப்பட்ட பறவை இது. சாந்தமானது, பிற ஃபிஞ்ச் குருவிகளின் முட்டைகளையும் தன்னுடையதாக அடைகாக்கும். அதனால் பலர் இதை வளர்ப்புத் தாயாக வைத்திருக்கிறார்கள். நான் ஸீப்ரா முட்டைகளை அதனிடம் கொடுக்கவில்லை. அதன் கீழ் வளரும் ஸீப்ரா மகன் பெங்காலீஸ் பாட்டையே கற்றுக்கொள்ளும். அந்தத் தந்தையின் பாட்டு எங்கள் வீட்டில் அறுந்துபோவதை நான் விரும்பவில்லை.

ஒரே ஒரு சோடியை வைத்திருந்து ஆண்டுக்கு இரண்டு முறை குஞ்செடுக்க விரும்புவோருக்கு இந்தக் கூடு போதும், விலைக்கும் தகும். இரண்டு சோடி வைத்தால் குஞ்சுகளைப் பிரித்து விட இடமிராது. சனவரிக் கடைசியில் பொரித்த நான்கு குஞ்சுகளால் எங்களுக்கு இப்போது அந்த நெருக்கடிதான். மறுபக்க அறையில் பெங்காலீஸ் சோடி இருக்கிறது, தந்தை துரத்தத் தொடங்கிவிட்டது. சென்ற சனிக்கிழமை கடைக்காரர் மூலமாகப் பட்டறைக்கு இன்னொரு கூட்டுக்கு முன்பணம் கொடுத்தேன்: மூன்றரை அங்குலக் கதவு, கொளுவி, இரண்டங்குல விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு, அடித்தளம் வேண்டாம். “இந்த அளவுலயே இனி எல்லாத்துக்கும் கதவு வைக்கச் சொல்றன் தம்பி” என்றார். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வினாகிரிப் போத்தலை வாங்கி வைத்துவிட்டேன்.